மாமனார் பஃப் போட்ட கத்திகள்

1. பூஜைக்கு மறுநாள்

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை ரகுநாதன் போன் செய்தார்.

"அண்ணா, உடனே வர முடியுங்களா? கத்தியெல்லாம் போச்சுங்க."

திருட்டா என்று கேட்டேன்.

"இல்லீங்க, இங்கேதான் இருக்குது. வந்து பாருங்க." பக்கத்தில் இருக்கும் யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் பேசினார்.

ரகுநாதன் கரூர்ப் பக்கத்துக்காரர். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கொரட்டூரில், ஏரி தெரிகிற ஃபிளாட்டில் நாலாவது மாடி. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு என்று ஓர் ஊர்; அங்கே நூறு வருஷத்துக்கு முன்னால் செய்த மடக்குக் கத்திகளைச் சேகரிக்கிறார். அவற்றைத் துடைத்து, எண்ணெய் விட்டு, ஸ்பிரிங் பார்த்து வைப்பது என் வேலை. ஏரிக்காற்று வேண்டுமென்று தேடிப் பிடித்து வாங்கிய ஃபிளாட். அந்த ஏரிக்காற்றின் ஈரம் கத்தியில் ஏறாமல் இருக்க எனக்குச் சம்பளம். இந்த ஊரில் பிழைப்பு அப்படித்தான் கிடைக்கிறது.

ஆயுத பூஜைக்கு மறுநாள் எனக்கு வழக்கமாகவே வேலை உண்டு. கத்தி வைத்திருக்கிற வீடுகளில் பிளேடிலேயே சந்தனத்தைக் குழைத்து வைத்து, மேலே குங்குமமும் வைத்துவிடுவார்கள். கார்பன் ஸ்டீலுக்கு ஈரச் சந்தனம் ஒரு ராத்திரி போதும். விடிந்தால் அந்த இடத்தில் வட்டமாகத் துரு நிற்கும். "பொட்டு பெட்டிக்கு வையுங்கள், பிளேடுக்கு வேண்டாம்" என்று எல்லா வீட்டிலும் சொல்லி வைத்திருக்கிறேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். இதுவும் அந்த விஷயம்தான் என்று நினைத்து, எண்ணெயும் பழைய வேட்டித் துணியும் பல்குத்தும் குச்சியும் எடுத்துக்கொண்டு ஆவடியில் ரயிலேறினேன்.

ஃபிளாட்டின் வாட்ச்மேன் என்னை நன்றாகத் தெரிந்தவர். ஆனாலும் ஒவ்வொரு முறையும் கேட்பார்.

"இன்னா விசயமா வந்துகீற?"

"கத்தி சர்வீஸ்."

"அண்ணாத்தே, நல்ல நாளும் அதுவுமா கேட்ல நின்னுகினு கத்தின்னு சொல்லாத. ஏசி மெக்கானிக்னு சொல்லிட்டு மேல போ."

அந்தக் கட்டடத்தைப் பொறுத்தவரை நான் ஏசி மெக்கானிக்.

மேலே போனேன். ரகுநாதன் கதவைத் திறந்தார். முகம் வெளுத்திருந்தது. சோபாவில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் ஒரு பெரியவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். மேசைமேல் வெல்வெட் வைத்த பெட்டி திறந்து கிடந்தது. பொட்டு பெட்டிக்குத்தான் வைத்திருந்தார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

உள்ளே இருந்த கத்திகள் கல்யாண மண்டபத்தில் அடுக்கிவைத்த எவர்சில்வர் டம்ளர்போல் மின்னின. குனிந்தால் என் மூக்கு தெரிந்தது.

"இன்னாபா, எப்டி கீது?" என்றார் பெரியவர். "நீதான் சர்வீஸ் ஆளா? துட்ட வாங்கிகினு இத்தினி நாளா கறுப்பாவே வுட்டு வெச்சிருக்கியே, உனுக்கே நல்லா கீதா?"

2. நான் எப்படி வந்தேன்

இந்தத் தொழிலுக்குப் படிப்பு வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். எட்டாவதோடு நின்றேன். லாரியில் கிளீனராக ஏறினேன். நாக்பூரில் ஓனர் இறக்கிவிட்டார். ஓட்டலில் மேசை துடைத்தேன். கொஞ்ச நாள் அரக்கோணம் பிளாட்பாரத்தில் படுத்தேன். அங்கே கொசு குறைவு என்று அப்போது தோன்றியது. பிறகு பம்பாய். கப்பல் உடைத்த சாமான் விற்கிற கடையில் துடைக்கிற வேலை. திசைகாட்டி, விளக்கு, பித்தளைக் குமிழ், இவற்றோடு கூடையில் மடக்குக் கத்திகளும் வரும்.

யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை. கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். தேங்காய் எண்ணெய் விட்டேன், மூட்டில் பிசினாக உறைந்தது. தோல் உறையில் போட்டு வைத்தேன், தோலைப் பதனிட்ட ரசாயனம் பிளேடை அரித்தது. வெந்நீரில் கழுவினேன், எலும்புக் கைப்பிடி வெடித்தது. ஒவ்வொன்றுக்கும் கடைக்காரரிடம் திட்டு வாங்கினேன். வேலையை விட்டு அனுப்பவில்லை. என்னைவிடக் குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை என்பது ஒரு காரணம்.

அங்கே புரிந்தது இது. பழைய பிளேடில் படிகிற கருநீல நிறம் அழுக்கல்ல. அதைப் பட்டினா என்பார்கள். பழமோ இறைச்சியோ அறுத்து அறுத்து, கைபட்டு, வருஷக்கணக்கில் இரும்பின் மேலேயே உருவாகிற ஒரு தோல். அது இருந்தால் துரு அவ்வளவு சீக்கிரம் ஏறாது. சேகரிப்பவர்கள் அதற்குத்தான் உயிரை விடுவார்கள். துரு ஆரஞ்சு நிறம், எதிரி. பட்டினா கருநீலம், சொத்து. இந்த வித்தியாசம் தெரிந்தால் பாதித் தொழில் தெரிந்த மாதிரி. மீதிப் பாதி, அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது. அதை, சென்னைக்கு வந்து வீடு வீடாகக் கத்தி துடைக்க ஆரம்பித்தபிறகு, எனக்குக் கொரட்டூரில்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

3. சிசல் வீல், துணி வீல், பச்சை சோப்பு

பெரியவர் பெயர் தேவராஜ். ரகுநாதனின் மாமனார். ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில், கருவிகள் செய்கிற டூல் ரூமில் இருந்து ரிட்டயர் ஆனவர். அவருக்கு ஆயுத பூஜை என்றால் என்ன என்று அவரே சொன்னார்.

"பூஜைக்கு முந்தின நாளு மிசினை டீசல் போட்டுக் கழுவுவோம். பெயின்ட் அடிப்போம். வைஸ், சுத்தி, ஸ்பேனர், ஒண்ணு வுடாம பளபளன்னு இருக்கணும். எந்த செக்சன் நல்லா கீதுன்னு பெரிய ஆபீசர் வந்து பாப்பாரு. எங்க செக்சனை அடிச்சிக்க ஆளே கெடையாது."

பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறார். பூஜையில் என்னென்ன வைப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார். லேப்டாப், ஸ்கூட்டர், அப்புறம் தன் கணவரின் கத்திகள் என்று மகள் சுமதி சொல்லியிருக்கிறார். பெட்டியைத் திறந்து பார்த்தவருக்கு மனசு கேட்கவில்லை. மருமகன் ஆபீசிலிருந்து வருவதற்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போய்விட்டார். அங்கே பஃபிங் பட்டறை, அதாவது சுழலும் சக்கரத்தில் உலோகத்தைத் தேய்த்து மினுக்குகிற இடம், வைத்திருக்கிற பழைய சிநேகிதர். முதலில் சிசல் என்கிற நார் வீல், பிறகு துணி வீல், கடைசியில் பச்சை சோப்பு என்கிற பாலிஷ் கட்டி. தானே உட்கார்ந்து ஒவ்வொரு பிளேடாகப் பிடித்திருக்கிறார்.

"வேற கைல குடுத்தா முனை மழுங்கிடும்" என்றார்.

முனை மழுங்கவில்லைதான். எல்லாம் ஒரே சீராக, ஒரே மினுக்காக இருந்தது. வேலைசுத்தம் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

பெட்டியில் குதிரைக்கத்தி ஒன்று உண்டு. மான்கொம்புக் கைப்பிடி, இரண்டு பிளேடு, முதுகில் மடங்கிய ஒரு கொக்கி. குதிரைக் குளம்பில் மாட்டிய கல்லைத் தோண்டுவதற்கு அந்தக் கொக்கி. பூந்தமல்லியில் ஒரு காயலான் கடையில் நான்தான் அதைக் கண்டுபிடித்தேன். கடைக்காரர் அந்தக் கொக்கியால் சிமென்ட் மூட்டை பிரித்துக்கொண்டிருந்தார். பூந்தமல்லி ரோட்டில் குதிரைக்கு வேலையில்லை, சிமென்டுக்கு இருக்கிறது. பெரிய பிளேடில், சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி, ஆசிட்டால் எழுதிய ஒரு குதிரைத் தலை இருந்தது. ரகுநாதன் சேகரிப்பிலேயே அதுதான் ராஜா. வீட்டுக்கு யார் வந்தாலும் ஜன்னல் பக்கம் கூட்டிப்போய்ச் சாய்த்துக் காட்டுவார்.

இப்போது எந்தப் பக்கம் சாய்த்தாலும் என் மூக்குதான் தெரிந்தது.

"சொல்லு நைனா" என்றார் தேவராஜ். "எப்டி?"

ரகுநாதன் எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஃபர்ஸ்ட் கிளாஸ் பஃபிங் சார்" என்றேன். பொய்யில்லை.

4. வாழைப்பூ

பெரியவர் சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போனபிறகு மூன்று பேரும் சமையலறையில் கூடினோம்.

"அண்ணா, இதைப் பழையபடி ஆக்க முடியுங்களா?"

"ஆக்கலாம். நூறு வருஷம் ஆகும்."

சுமதி சிரித்தார். ரகுநாதன் சிரிக்கவில்லை.

"வினிகர்ல ஊற வெச்சா கறுத்துருமுன்னு வீடியோல காட்டறாங்களே?"

"அது சாயம் சார். பழகின கண்ணுக்குத் தெரிஞ்சிடும். குதிரையும் திரும்ப வராது."

"வேற வழியே இல்லீங்களா?"

"அறுக்கணும். தினம் எதையாவது அறுத்துக்கிட்டே இருந்தா அதுவா நிறம் மாறும்."

இவ்வளவு கத்தி வைத்திருக்கிற மனிதர் ஒரு கத்தியாலும் ஒரு காகிதம்கூடக் கிழித்ததில்லை. கூரியர் பார்சல் வந்தால் பல்லால் கடித்துப் பிரிப்பார். நானே பார்த்திருக்கிறேன். அறுக்க வேண்டும் என்றதும், கோவில் விக்கிரகத்தைக் கொண்டு தேங்காய் உடைக்கச் சொன்னதுபோல என்னைப் பார்த்தார்.

சுமதி ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு வாழைப்பூவை எடுத்தார். "அண்ணே, இது ஆவுமா? என் கத்தி கறுத்துடும்னு மூணு நாளா அறுக்காம வெச்சிருக்கேன்."

அதைவிட நல்ல சாமான் கிடையாது என்றேன். குதிரைக்கத்தியை விரித்து மேசையில் வைத்தேன். கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது என்பது அவர்கள் வீட்டுப் பழக்கம். என் தொழிலிலும் அதுதான் சரி. சுமதி எடுத்தார். கள்ளன் ஆய்ந்து, மோர்த்தண்ணீரை அருகில் வைத்துக்கொண்டு அறுக்க ஆரம்பித்தார். பத்துப் பூ அறுப்பதற்குள் பிளேடில் நீலமாக ஒரு கீற்று விழுந்தது. ரகுநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம் அறுக்கவில்லை.

"இதெல்லாம் எதுக்கு?" என்றேன். "பெரியவர்கிட்ட நேரா சொல்லிடலாமே. டூல் ரூம் ஆளு, சொன்னா புரிஞ்சுக்குவார்."

சுமதி அறுப்பதை நிறுத்தினார். "எங்களுது லவ் மேரேஜ் அண்ணே. கல்யாணம் ஆயி ஏழெட்டு வருசமா எங்கப்பா இந்த ஊட்டு வாசப்படி மிதிக்கல. போன்ல என்கிட்ட பேசுவாரு, இவர 'அந்தாளு'ம்பாரு. இந்தப் பூஜைக்குத்தான் மொத தடவ வந்திருக்காரு. நேத்து சாமி கும்பிட்டுட்டு, பொட்டியத் திறந்து காட்டி, 'பாருங்க மாப்ளே'ன்னாரு. மாப்ளேன்னு வாயத் தொறந்து சொன்னாருண்ணே. நீங்க வேணா போய்ச் சொல்லுங்க, கத்தி கெட்டுப்போச்சுன்னு. நான் சொல்ல மாட்டேன்."

ரகுநாதன் என்னைப் பார்த்தார். "நானும் சொல்ல மாட்டேனுங்க."

அதோடு விஷயம் முடிவானது. நான் லிஃப்ட்டுக்குப் போகும்போது தேவராஜ் பின்னாலேயே வந்தார்.

"இந்தா நைனா, ஒரு விசயம். மாசா மாசம் நீ வர்றப்போ துணி போட்டு ஷைனிங் கொறையாம பாத்துக்கோ. தனியா நான் குடுத்துடறேன். மாப்ளைக்குத் தெரிய வாணாம்."

ஒரே பெட்டியைக் கறுப்பாக்க மருமகனிடமும், வெளுப்பாக்க மாமனாரிடமும் கூலிக்கு அமர்ந்தேன். இரண்டு பேருக்கும் சரி என்றேன். அரக்கோணம் பிளாட்பாரத்தில் படுத்தவன் எதற்கும் சரி என்பான்.

5. ஞாயிற்றுக்கிழமைகள்

தேவராஜ் ஞாயிறுதோறும் வர ஆரம்பித்தார். வார நாள்களில் சுமதி குதிரைக்கத்தியால் வாழைப்பூ, நெல்லிக்காய், மாங்காய் என்று அறுத்தார். ரகுநாதனும் தைரியம் வந்து மற்றக் கத்திகளால் கத்திக்கொரு பழமாக அறுக்கத் தொடங்கினார். ஒருநாள் பையில் ஒரு கத்தியோடு ஆபீசுக்குப் போய், கொய்யாப்பழம் அறுக்கத்தான் என்று செக்யூரிட்டியிடம் அரைமணி நேரம் விளக்கியிருக்கிறார். ஞாயிறு வந்தால் மாமனார் சட்டைப் பையிலிருந்து பித்தளை பாலிஷ் டப்பாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். வாரமெல்லாம் வந்த நிறம் மதியச் சாப்பாட்டுக்குள் போய்விடும். குதிரைக்கத்தி மட்டும் தப்பித்தது. அதைச் சுமதி சமையலறை டிராயரில் வைத்திருந்தார்.

நான் போகிற ஞாயிறுகளில் தேவராஜ் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே துடைப்பார். மனைவி போனபிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்து, ஆவடிக்குப் பக்கத்துச் சேக்காட்டில் தனியாக இருக்கிறாராம். என் ரூமும் சேக்காட்டில்தான். "கைல டூலு புடிச்சு எத்தினி நாளாச்சு தெரியுமா?" என்றார் ஒரு தடவை. நான் எண்ணெய்த் துணியை நீட்டினேன். வேறு என்ன செய்ய.

ஒரு ஞாயிறு அவர் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் குதிரைக்கத்தி. பிளேடு நன்றாகக் கறுத்து, ஓரத்தில் நீலமும் ஊதாவுமாக இருந்தது.

"இன்னாபா இது? நான் கண்ணாடி மாரி வெச்சிட்டுப் போனா நீ கரி பூசி வெச்சிருக்கியா? உன்னிய வெச்சதுக்கு ஒரு கழுதைய வெச்சிருக்கலாம். அது சும்மாவாச்சும் இருந்திருக்கும்."

நான் ரகுநாதனைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"அவர ஏம்பா திட்ற?" என்றார் சுமதி. "இவருக்குக் கறுப்பாத்தான் புடிக்கும். பழசுன்னா அப்டித்தான் இருக்கணுமாம். அதுக்குத்தான் மதிப்பாம். அதான் நான் வாழைப்பூ அறுத்துக் கறுக்க வெச்சேன்."

தேவராஜ் பிளேடைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மின்னாடியே கறுப்பாத்தான் இருந்துச்சு" என்றார் தேவராஜ்.

"ஆமா."

"அதான் வேணுமா?"

"ஆமாப்பா."

"சொல்றதுக்கு இன்னா?"

அவர் கத்தியை மடக்கி மேசையில் வைத்தார். கத்திப் பெட்டியை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். சாப்பாடு அப்படியே இருந்தது.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. சுமதி சேக்காட்டுக்குப் போய்ப் பார்த்தபோது வீடு பூட்டியிருந்தது. காலையில் போனால் இருட்டித்தான் வருகிறார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ரகுநாதன் எனக்குப் போன் செய்தார்.

"கத்தி போனாப் போவட்டுங்க அண்ணா. வெளுப்பாவே இருந்துட்டுப் போவட்டும். கறுப்பாக்கணும்னு கேக்காம நான் சும்மா இருந்திருக்கலாம். இவ ரெண்டு நாளா சாப்பிடலைங்க. இன்னும் ஏழெட்டு வருஷம் காத்திருக்க அவளால முடியாதுங்க."

கத்திக்காக இப்படி அழுத மனிதர், கத்தி போனால் போகட்டும் என்று சொன்னதை அன்றுதான் கேட்டேன்.

6. பிளாக்கோடைசிங்

அதற்கடுத்த ஞாயிறு என்னை வரச் சொன்னார்கள். மாமனார் வருகிறாராம், சண்டை வந்தால் பழியை ஏற்க ஓர் ஆள் வேண்டும் என்று நானே புரிந்துகொண்டேன். வாட்ச்மேனிடம் ஏசி என்று சொல்லிவிட்டு மேலே போனேன்.

தேவராஜ் பெட்டியோடு வந்தார். முகம் இறுகியிருந்தது. மேசையில் வைத்தார்.

"தொறங்க மாப்ளே."

மாப்ளே என்றதும் சுமதி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ரகுநாதன் திறந்தார். கத்திகள் எல்லாம் கறுப்பு. கருநீலம் இல்லை, புகை நிறம் இல்லை; டூல் ரூம் ட்ரில் பிட்டுகள் இருக்குமே, அந்தக் கறுப்பு. நுனி முதல் அடி வரை ஒரே கறுப்பு. ஒவ்வொன்றும் அடுத்ததன் உடன்பிறப்புபோல் இருந்தது.

"எஸ்டேட்ல பிளாக்கோடைசிங் பண்ண வெச்சேன்" என்றார் தேவராஜ். "கொதிக்கிற காரத் தொட்டில முக்கணும். எலும்புப் புடி தாங்காது. அதனால ரிவெட் எல்லாம் தட்டி எடுத்து, பிளேடைத் தனியாக் கழட்டி, கறுப்பு போட்டு, திரும்ப அடிச்சேன். அதுக்குத்தான் இத்தினி நாளு. ஒண்ணொண்ணும் லொடலொடன்னு ஆடிக்கினு கெடந்துச்சு. ஆட்டம் எடுத்துட்டேன். ரிவெட் எல்லாம் புதுசு, ஸ்டீலு."

நான் ஒன்றை எடுத்துத் திறந்து மூடினேன். 'டக்' என்று விழுந்தது. ஷெஃபீல்டில் செய்த அன்றுகூட அந்தச் சத்தம் வந்திருக்குமா என்பது சந்தேகம். நூறு வருஷத்து ரிவெட், நூறு வருஷத்து நிறம், நூறு வருஷத்து ஆட்டம் மூன்றும் போயிருந்தன. வெறும் பஃப் போட்டபோது பாதிதான் கெட்டிருந்தது. இப்போது குறையே இல்லை.

"இனிமே வாழைப்பூல்லாம் அறுக்க வாணாம். துடைச்சாலும் போவாது" என்றார். பிறகு குரலை இறக்கி, "கறுப்புதான கேட்டீங்க?" என்றார்.

ரகுநாதன் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். நேரமெடுத்துக்கொண்டார். கடைசிக் கத்தியைப் பெட்டியில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"சூப்பருங்க மாமா" என்றார். "இதைத்தானுங்க நான் தேடிட்டு இருந்தேன்."

தேவராஜ் முகம் அப்படியே அவிழ்ந்தது. சோபாவில் சாய்ந்து கால் நீட்டினார். "சாப்பாடு இன்னா இன்னிக்கு?" என்றார். உடனே ஏதோ ஞாபகம் வந்தவராக எழுந்தார்.

"அந்தக் கொக்கி வெச்ச கத்தி ஒண்ணு இருந்துச்சே, அத மறந்துட்டுப் போய்ட்டேன். குடு, அதையும் போட்டுக்கினு வந்துடறேன். செட்டுல ஒண்ணு மட்டும் வேற மாரி இருந்தா நல்லா இருக்காது."

ரகுநாதன் சமையலறைப் பக்கம் பார்த்தார்.

"அது இவருது இல்லப்பா" என்றார் சுமதி. "என்னுது. சமையக்கட்டு சாமான். நாளைக்கு நான் எதால அறுப்பேன்? அத யாரும் தொடக்கூடாது."

தேவராஜ் ஒரு நிமிஷம் யோசித்தார். "பொம்பளைங்க சமையக்கட்டுல நான் கை வெக்க மாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டார். வாழ்நாளில் நான் கேட்ட மிக நல்ல கொள்கை அது.

7. கற்றுக்கொண்டது

புதிதாகச் சேகரிக்க வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் அதிகமில்லை. மினரல் ஆயில் ஒரு சொட்டு, மூட்டில். தோல் உறை வேண்டாம். செல்லுலாய்டு கைப்பிடி உள்ளதைத் தனியாக வையுங்கள். அது விடுகிற ஆவி பக்கத்துக் கத்தியைத் துருப்பிடிக்க வைக்கும். பொட்டு பெட்டிக்கு. இவையெல்லாம் எங்கும் கிடைக்கிற விஷயங்கள். எங்கும் கிடைக்காத ஒன்று: கத்தியைப் பார்ப்பதற்கு முன், அந்த வீட்டில் டூல் ரூமிலிருந்து ரிட்டயர் ஆனவர் யாராவது இருக்கிறாரா என்று விசாரியுங்கள். இருந்தால், பெட்டிக்குப் பூட்டு வாங்குவதைவிட அவருக்கு வேறு வேலை பார்த்துக் கொடுப்பது நல்லது. தேவராஜை நான் என் ரூமுக்குக் கூட்டிப்போய், பழைய பூட்டு ஒரு கோணி நிறையக் கொடுத்திருக்கிறேன். சாவி போட்டுக்கொண்டிருக்கிறார். யாரும் சேகரிக்காத பூட்டுகள்.

கொரட்டூர் வீட்டில் இப்போது எனக்கு வேலை குறைவு. கறுப்புப் போட்ட கத்திகளுக்குப் பராமரிப்பே தேவையில்லை. ஏரிக்காற்று அவற்றை ஒன்றும் செய்யாது. நூறு வருஷம் அப்படியே இருக்கும் என்று மாமனார் உத்தரவாதம் கொடுத்திருக்கிறார்; மருமகன் அதை நம்புகிறார், அதுதான் அவர் கவலை. குதிரைக்கத்தி ஒன்றுக்காகத்தான் போகிறேன். சுமதி கழுவித் துடைத்து மேசையில் வைப்பார், நான் எடுத்து எண்ணெய் விட்டு மேசையில் வைப்பேன்.

போனமுறை ரகுநாதன் அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்தார். பிளேடில் கறை திட்டுத்திட்டாக ஏறியிருந்தது.

"அண்ணா, இங்க பாருங்க. குதிரைத் தலை மறுபடியும் தெரியுதுங்களா?"

நான் பார்த்தேன். நீலமாக ஒரு திட்டு, பக்கத்தில் காது மாதிரி ஒன்று.

"தெரியுது சார்" என்றேன்.

உள்ளேயிருந்து சுமதியின் குரல் வந்தது. "அது நேத்து அறுத்த நெல்லிக்கா. பாத்து முடிச்சா கொண்டாங்க, கொத்தவரங்கா நறுக்கணும்."